சூதும் அளவும்
இல்லறத்தார்க்கு ஒரு பாடம்



நந்தனத்தில் அன்பர் ஒருவர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் கூடும் சுவாத்தியாய வகுப்பில் நாம் அண்மையில் எடுத்துக்கொண்ட பகுதி பரிக்கிரக பரிமாணம். அதாவது, பொருளை அளவிட்டுக் கொள்ளும் அணுவிரதம். பாடம் முடியும் தறுவாயில் இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை முன்வைத்தார்.

"ஐயா, நம் சமயம் இல்லறத்தாரை எல்லாவற்றையும் துறக்கச் சொல்லவில்லை. நிலத்துக்கு அளவு, பொன்னுக்கு அளவு, உணவுக்கு அளவு என்று அளவோடு வாழத்தான் சொல்கிறது. அப்படியானால், மாதம் ஐந்நூறு ரூபாய் என்று வரையறுத்துக்கொண்டு, அதற்கு மேல் போகாமல் ரம்மி ஆடினால் அதுவும் ஒரு பரிமாண விரதந்தானே? கட்டுப்பாட்டோடு ஆடுவதில் குற்றம் என்ன?"

பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். சிலர் சிரித்தனர். ஆனால் வினா தவறானதன்று. நூல்களைப் படித்தவரே இவ்வாறு கேட்க முடியும். அன்று முழுமையாக விடை கூற நேரமில்லாமற் போயிற்று. ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரிய வினாவும் இதுவன்று. ஆகவே விடையை எல்லாக் குடும்பத்தினரும் சேர்ந்து படிக்கும் வண்ணம் ஒரு பாடமாக இங்கே வரைகிறோம்.

விளையாட்டு வேறு, சூது வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். நந்தனத்தில் நின்று பார்த்தாலே அது விளங்கும். ஒருபுறம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் பரந்த திடல். 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய கல்லூரி அது. காலையிலும் மாலையிலும் இளைஞர் ஓடுவதும் பந்தாடுவதும் அங்கே இயல்பான காட்சி. அண்ணா சாலை வழியே தெற்கே சென்று, சைதாப்பேட்டையைக் கடந்து, அடையாற்றைத் தாண்டினால் கிண்டி. அங்கேயும் ஒரு திடல். ஓடியவை குதிரைகள், ஓடாமல் நின்றவர் பொருளை வைத்து இழந்தனர். ஒன்று விளையாட்டு, மற்றொன்று சூது.

நம் வீடுகளில் பாட்டிமார் பல்லாங்குழி ஆடினர்; சிறுவர் ஆடுபுலி ஆட்டம் ஆடினர். தோற்றவர் எதையும் இழக்கவில்லை. ஆட்டம் முடிந்தால் புளியங்கொட்டைகளை அள்ளிப் பெட்டியில் போட்டுவிட்டு எல்லாரும் சேர்ந்து உணவுண்டனர். சூதின் இலக்கணம் வேறு. அதில் மூன்று கூறுகள் உள்ளன: ஒருவர் பொருளைப் பணயமாக வைத்தல், உறுதியில்லாத ஒரு முடிவை அது சார்ந்திருத்தல், ஒருவரின் இழப்பே மற்றவரின் வரவாதல். இம்மூன்றும் கூடினால், ஆட்டம் சீட்டாயினும் பகடையாயினும், குதிரையாயினும் கிரிக்கெட்டாயினும், கைப்பேசித் திரையாயினும் அது சூதே.

கல்யாண வீடுகளில் இரவெல்லாம் ஓடும் பந்தயச் சீட்டாட்டத்தை நாம் பொழுதுபோக்கு என்று கடந்துவிடுகிறோம். தீபாவளியன்று சீட்டாடினால் செல்வம் சேரும் என்ற எண்ணம் வடநாட்டில் பரவலாக உண்டு. நகரத்தில் அது நம்மவரையும் தொற்றுகிறது. நமக்குத் தீபாவளி பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். பற்றனைத்தும் அற்ற பெருமானின் நிர்வாண தினத்தில் பணயம் வைத்து ஆடுவது எத்தகைய முரண் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்ப்பது பெற்றோர் கடன்.

நூல்கள் சூதை வைத்த இடம்

நம் ஆசாரியர்கள் சூதை எங்கே வைத்தனர் என்பதைக் கண்டால் இளைஞரின் வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

சூது, ஊன், கள், பரத்தையர் தொடர்பு, வேட்டை, களவு, பிறன்மனை நயத்தல் ஆகிய ஏழும் சப்த வியசனங்கள். இவற்றுள் முதலாவது சூது. வசுநந்தி ஆசாரியர் தம் சிராவகாசாரத்தில் ஏழின் தீமைகளையும் விரித்துரைக்கும்போது சூதிலிருந்தே தொடங்குகிறார். சிராவகனுக்குரிய பதினொரு படிமைகளில் முதற்படியாகிய தரிசனப் படிமையில் நிற்பவனே இவ்வேழையும் விட்டவனாக இருக்க வேண்டும் என்பது அவர் காட்டும் நெறி. பரிக்கிரக பரிமாணம் முதலிய அணுவிரதங்களை முறையாகக் கொள்வது அடுத்த படியாகிய விரதப் படிமையில். வரிசையைக் கவனிக்க வேண்டும்: வியசனத்தை விடுதல் முன்னே, அளவிடுதல் பின்னே.

அமிர்தசந்திராசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில், பயனின்றிப் பாவம் சேர்க்கும் செயல்களை விலக்கும் அனர்த்த தண்ட விரதத்தின்கீழ்ச் சூதைச் சேர்த்துள்ளார். கேடுகளுக்கெல்லாம் தலைமையானது, வஞ்சகத்தின் இருப்பிடம், களவும் பொய்யும் தங்கும் இடம், ஆகவே தொலைவிலேயே விலக்கத்தக்கது என்பது அவர் கருத்தின் சாரம். 'குறைத்துக்கொள்' என்று அவர் கூறவில்லை. 'தொலைவிலேயே விலக்கு' என்கிறார்.

திருக்குறளில் 94ஆம் அதிகாரம் சூது. அதற்கு முன்னது கள்ளுண்ணாமை, அடுத்தது மருந்து. சூதில் பெறும் வெற்றியே மீனுக்கு இடும் இரை போன்றது என்று அவ்வதிகாரம் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. தோல்வியைக் கண்டு அஞ்சுமாறு கூறுவது எளிது. வெற்றியைக் கண்டு அஞ்சுமாறு கூறுவதே அங்குள்ள நுட்பம்.

ஏழு வியசனங்களால் கெட்டவர்களை நம் நூல்கள் எடுத்துக்காட்டாகக் கூறும். கள்ளால் யாதவர், பரத்தையர் தொடர்பால் சாருதத்தன், பிறன்மனை நயத்தலால் இராவணன். சூதால் கெட்டவராகக் கூறப்படுபவர் யார்? தருமபுத்திரர். தீயவர் ஒருவரைக் காட்டாமல், அறத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவரை ஆசாரியர்கள் காட்டினர். நல்லவர், கற்றவர், பொறுமையுடையவர் என்பதெல்லாம் சூதின்முன் காவலாகா என்பதே அதன் பொருள். 'நான் கட்டுப்பாடு உடையவன்' என்று எண்ணுவோர் தருமபுத்திரரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அளவு ஏன் இங்கே நிற்பதில்லை

இனி வினாவின் உள்ளே செல்வோம். உணவுக்கும் உடைக்கும் அளவு வகுக்கும் சமயம் சூதுக்கு மட்டும் ஏன் அளவு வகுக்கவில்லை?

உணவு உண்டால் பசி தணியும். உடை உடுத்தால் குளிர் நீங்கும். அவற்றில் நிறைவு என்ற எல்லை பொருளிலேயே உள்ளது. விரதம் அவ்வெல்லையைச் சற்று முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. சூதில் அத்தகைய எல்லை இல்லை. வென்றால் இன்னும் வெல்லலாம் என்று லோபம் எழுகிறது. தோற்றால் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று குரோதமும் மானமும் எழுகின்றன. வீட்டார் கேட்டால் மறைக்க மாயை எழுகிறது. நான்கு கஷாயங்களும் ஒரே இருக்கையில் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்ற செயல் இதுபோல் வேறொன்று அரிது. அளவைக் காப்பது அறிவு. ஆட்டம் முதலில் கலக்குவதும் அவ்வறிவையே. ஆட்டத்துக்கு முன் அளவு வகுத்தவர் ஒருவர். ஆட்டத்தின் நடுவே அவ்வளவைக் காக்க வேண்டியவர், கஷாயத்தால் கலங்கிய வேறொருவர்.

வினைக்கட்டின் நோக்கிலும் பார்ப்போம். ஐந்நூறு ரூபாய் சிறிது. ஆனால் வினை ரூபாயின் அளவால் கட்டுவதில்லை, பாவத்தின் தீவிரத்தால் கட்டுகிறது. வரவிருக்கும் பொருளுக்கு ஏங்குதல், இழந்த பொருளுக்கு இரங்குதல் இரண்டும் ஆர்த்த தியானம். பிறரை வீழ்த்திப் பொருள் சேர்ந்ததென்று மகிழ்வது ரௌத்திர தியானம். ஆட்டம் அரைமணி நேரம் என்றாலும், அவ்வேக்கம் அலுவலகத்திலும் உணவு வேளையிலும் படுக்கையிலும் தொடர்கிறது. பணத்துக்கு வரம்பிட்டவர் எண்ணத்துக்கு வரம்பிட்டாரா?

மன இயலாரும் இதற்கு ஒத்த கருத்தையே வேறு சொற்களில் கூறுவர். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிசைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு செயலை வலுவாகப் பற்றவைக்கும் என்பதை அமெரிக்க உளவியலார் ஸ்கின்னர் விலங்குகளை வைத்து நடத்திய ஆய்வுகளிற் காட்டினார். ஒரு சீட்டில் தவறிய ஆட்டம், தோல்வியாகத் தோன்றாமல் 'ஏறத்தாழ வெற்றி'யாகத் தோன்றி மீண்டும் அழைக்கிறது. பலமுறை தோற்றதால் அடுத்தது வெற்றியாகத்தான் இருக்கும் என்ற மயக்கமும் உண்டு. சீட்டுக்கட்டுக்கு முன் நடந்தது நினைவிராது. உலக நல நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பகுப்பில் சூதாட்டக் கோளாறு ஒரு நோயாகவே இடம்பெற்றுள்ளது. குறளில் சூதை அடுத்து மருந்து வருவதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம். சம திறமையுள்ள இருவர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் ஆடத் தொடங்குகின்றனர். ஆட்டத்துக்கு ஆளுக்கு 100 ரூபாய் பணயம். சேரும் 200 ரூபாயில் ஆட்டத்தை நடத்துபவர் நூற்றுக்குப் பத்தாக 20 ரூபாய் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மாறி மாறி வெல்கின்றனர். 50 ஆட்டங்கள் முடிந்ததும் நடத்துபவர் கையில் 1,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அதாவது, யாரும் யாரிடமும் தோற்காமலே இருவர் பொருளிலும் பாதி போயிற்று. ஆடுவோர் மாறலாம், வெல்வோர் மாறலாம், நிலையாக வெல்பவர் ஆடாதவரே.

சட்டம் நடந்து வந்த வழி

நம் மாநிலத்தில் அரசுகளும் இதே வினாவோடு பல்லாண்டு போராடியுள்ளன. அளவிடுவதா, விலக்குவதா? அவ்வரலாறு நமக்கு ஒரு பாடம்.

தமிழ்நாட்டு அரசு 1968இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அன்றைய விளம்பரம். 1975இல் அது நிறுத்தப்பட்டது. 1984இல் மீண்டும் வந்தது. 2003 சனவரியில் லாட்டரி விற்பனை மாநிலம் முழுதும் தடைசெய்யப்பட்டது. நாட்கூலி பெறுவோர் மாலையில் லாட்டரிக் கடையில் நின்ற காட்சியை நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே பலர்.

கிண்டியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் அதிர்ஷ்டமன்று என்று 1996 சனவரியில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பந்தயம் தொடர்ந்தது. பின்னர் 2024 செப்டம்பரில், வாடகை நிலுவையைக் காரணமாகக் காட்டி, அரசு அந்த 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை ரத்துசெய்தது.

அடுத்து வந்தது கைப்பேசிச் சூது. பந்தயத் திடலுக்குச் செல்ல வண்டி பிடிக்க வேண்டும். பிறர் கண்ணில் பட வேண்டும். கைப்பேசியோ தலையணையின் கீழ் உள்ளது. கடன் சுமையால் பல குடும்பங்களில் உயிரிழப்பு நேர்ந்ததை முன்னிட்டு 2020 நவம்பரில் இணையச் சூதுக்குத் தடை விதித்து அவசரச் சட்டம் பிறந்தது. அதை அடுத்து வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் செல்லாதென்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைந்து அறிக்கை தந்தது. புதிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது.

தடை பொருந்தாதெனில் அளவாவது இடுவோம் என்று 2025 பிப்ரவரியில் மாநில இணைய விளையாட்டு ஆணையம் விதிகள் வகுத்தது. பதினெட்டு வயது நிறையாதோர் பணம் வைத்து ஆடலாகாது; ஆதார் வழியே ஆளறிதல் வேண்டும்; நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது; நெடுநேரம் ஆடுவோர்க்குத் திரையில் எச்சரிக்கை தோன்ற வேண்டும். உயர் நீதிமன்றம் 2025 சூனில் இவ்விதிகளை ஏற்றது. இவையெல்லாம் எதைக் காட்டுகின்றன? அளவிடும் பொறுப்பை ஆடுபவரிடமே விட்டுவிட முடியாது என்பதை அரசும் உணர்ந்தது. இரவில் விழித்து ஆடுபவருக்குக் கதவை வெளியிலிருந்துதான் சாத்த வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே சென்றது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் நடத்துவதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டு 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விளம்பரம் செய்வோர்க்கும் தண்டனை உண்டு. அதை எதிர்த்தும் வழக்குகள் எழுந்தன.

சட்டம் அளவில் தொடங்கி விலக்கில் வந்து சேர்ந்தது. நம் ஆசாரியர்கள் விலக்கிலேயே தொடங்கினர். ஆயினும் சட்டத்தை மட்டும் நம்பி நாம் இருந்துவிடலாகாது. ஒரு வாயிலை அடைத்தால் மறைவான வேறு வாயில் திறக்கும். சட்டம் காயத்தைத் தடுக்கும். மனத்தைத் தடுப்பது விரதம் ஒன்றே.

திறமை என்னும் போர்வை

'ரம்மி திறமை ஆட்டம் என்று நீதிமன்றமே கூறியுள்ளதே' என்பார் உளர். உண்மைதான். சீட்டுகளை நினைவில் வைத்தலும் தேர்ந்து விடுதலும் ரம்மியில் உள்ளன என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே கூறியது. ஆனால் அதே தீர்ப்பு, பணயம் வைத்து ஆடும் ஆட்டத்தால் இடத்தை நடத்துபவர் ஆதாயம் பெற்றால் அது குற்றமாகலாம் என்றும் சேர்த்துக் கூறியது. அப்பகுதியை எடுத்துரைப்போர் குறைவு.

நமக்கு அதனினும் அடிப்படையான ஓர் அளவுகோல் உண்டு. திறமையா அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றத்தின் வினா. வந்த பொருள் எவ்வழி வந்தது, வரும்போது உள்ளத்தில் என்ன எழுந்தது என்பவை சிராவகனின் வினாக்கள். உழவன் திறமையால் நெல் விளைகிறது; உண்போர் அனைவர்க்கும் பயன். நெசவாளர் திறமையால் ஆடை வருகிறது. சூதாடியின் திறமையால் விளைந்தது எது? ஒருவர் வீட்டு அரிசி மற்றொருவர் வீட்டுக்குச் சென்றது, அவ்வளவே.

மனம், மொழி, மெய் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்று வகையாலும் வினை வந்து சேரும் என்பதை நாம் அறிவோம். தாம் ஆடாமல், நண்பரைச் சேர்த்துவிட்டால் கிடைக்கும் ஊக்கத்தொகைக்காக அழைப்பு அனுப்புவது செய்வித்தல். வென்றவரைப் புகழ்ந்து பேசுவது உடன்படல். குழந்தைகள் கேட்க அப்படிப் பேசுவது இன்னும் கேடு.

பங்குச் சந்தையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். தொழில் நடத்தும் நிறுவனத்தில் ஆராய்ந்து முதலிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைச் சூது என்று நாம் கூறவில்லை. ஆனால் எதிர்கால ஒப்பந்தம், விருப்பத்தேர்வு ஒப்பந்தம் என்னும் எஃப் அண்டு ஓ வணிகத்தில் நாளுக்கு நாள், மணிக்கு மணி ஏற்ற இறக்கத்தின்மேல் பணம் வைப்போர் தம்மை வணிகர் என்றே எண்ணிக்கொள்கின்றனர். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்குத் 93 பேர் இழந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பெயர் வணிகம் என்பதால் உள்ளத்தின் ஏக்கம் மாறிவிடாது.

வழுவியவரை நிறுத்தல்

வகுப்பு முடிந்து எல்லாரும் சென்றபின் அவ்விளைஞர் மட்டும் வாயிலில் நின்றார். நாம் அருகே சென்றதும், "ஐயா, ஐந்நூறு ரூபாயில்தான் தொடங்கினேன்" என்றார். மேலே பேச அவரால் இயலவில்லை. சற்றுப் பொறுத்துக் கூறினார்: கடன் செயலிகளில் மூன்று லட்சத்துக்கு மேல், வந்தவாசிப் பக்கத்து ஊரில் உள்ள பூர்வீக நிலத்தை விற்கும்படித் தந்தையிடம் வேறு காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறார், தங்கையின் திருமணத்துக்கென வைத்த பொருள் அந்நிலம் ஒன்றே. அப்போதுதான் அவர் கேட்ட வினாவின் பொருள் நமக்கு விளங்கிற்று. அளவு உண்டா என்று அவர் கேட்டது, தாம் இழந்த அளவைத் தேடியே.

இத்தகையவரை என்ன செய்வது? சம்யக்துவத்தின் எட்டு அங்கங்களில் மூன்று இங்கே நமக்கு வழிகாட்டுகின்றன. பிறர் குற்றத்தைத் தூற்றாமல் மறைத்துத் திருத்துவது உபகூகனம். நெறியிலிருந்து வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்துவது ஸ்திதிகரணம். உடன் அறத்தாரிடம் தாய்ப்பசு கன்றிடம் கொள்ளும் அன்பு போன்ற அன்பு வாத்சல்யம். ஸ்திதிகரணத்துக்கு வாரிஷேண முனிவர் எடுத்துக்காட்டு. துறவு பூண்டும் இல்லத்தையே எண்ணி ஏங்கிய புஷ்பதாலரை அவர் பழித்து விரட்டவில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தைக் கண்ணாரக் காட்டி, வெட்கமும் தெளிவும் அவர் உள்ளத்திலேயே பிறக்கச் செய்தார்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டிய குறிகள் சில: ஆட்டத்தைப் பற்றி ஓயாத எண்ணம், நாளடைவில் கூடும் பணயம், நிறுத்த முயன்றும் இயலாமை, நிறுத்தினால் எரிச்சலும் அமைதியின்மையும், விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்புதல், பொய், அலுவலையும் உறவையும் புறக்கணித்தல், கடன் தீர்க்கப் பிறரை நாடுதல். இவற்றுட் பல கண்டால், அது ஒழுக்கக் குறை மட்டுமன்று, மருத்துவமும் வேண்டும் நிலை என்று உணர வேண்டும்.

செய்யத்தக்கவை:

1. சினந்து பேசும் முன் முழுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதச் செய்க. யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன என்பது வெளிப்படட்டும். ஒளிவின்றி உரைப்பது ஆலோசனை. பிராயச்சித்தத்தின் முதற்படி அதுவே.

2. கடனை ஒரேயடியாக மறைவாக அடைத்துவிட வேண்டா. அடைத்தது மீண்டும் ஆடுவதற்கு இடமாகும். நிலத்தையும் நகையையும் அவசரத்தில் விற்க வேண்டா. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் தீர்க்கும் திட்டம் வகுக்க வேண்டும்.

3. சம்பளக் கணக்கை நம்பிக்கைக்குரிய ஒருவர் பொறுப்பில் சில காலம் வைப்பதும், ஆட்டச் செயலிகளையும் கடன் செயலிகளையும் நீக்குவதும், இரவில் கைப்பேசியைக் கூடத்தில் வைப்பதும் நலம். இது தண்டனையன்று; வேலி.

4. மருத்துவரை நாட வெட்கப்பட வேண்டா. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அரசு மருத்துவமனையே. டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. மாநில உதவி எண் 104. உயிரை வெறுத்துப் பேசும் நிலை தோன்றினால் அவரைத் தனியே விடாமல் உடனே உதவி நாடுக. சென்னையில் 1986 முதல் பணிபுரியும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இழந்த பணத்தை ஈட்டலாம். மானுடப் பிறவி மீண்டும் எய்துவது அரிது.

நியமமும் யமமும்

இனி இளைஞரின் வினாவுக்கு நேர்விடை. சூதில் அளவு இல்லை. ஆனால் சூதை விடுவதில் அளவு உண்டு. விரதம் இருவகை என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கூறுகிறார். காலவரையறையுடன் கொள்வது நியமம். வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். 'இனி என்றுமே ஆடேன்' என்று கலங்கிய மனத்தோடு ஒரே நாளில் சூளுரைத்து, மூன்றாம் நாள் தவறி, தன்னையே வெறுப்பதைவிட, 'இன்று முதல் ஒரு பட்சம் பணயம் வைத்து எதையும் ஆடேன்' என்று நியமம் கொள்வது மேல். பட்சம் நிறைந்தால் மாதம். மாதம் நிறைந்தால் சாதுர்மாசம். நியமத்தில் பழகிய உள்ளம் யமத்தைத் தாங்கும்.

உடன் ஒரு பயிற்சியும் வேண்டும். ஆடத் தூண்டும் வேளை எது என்பதை அவரவர் அறிவர். பெரும்பாலும் இரவு உணவுக்குப் பிந்தைய வேளை. அவ்வேளையிலேயே சாமாயிகத்தில் அமர்க. ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை; இன்றைய கணக்கில் 48 நிமிடம். எழுந்த வேட்கை தீனி போடாவிட்டால் சிறிது நேரத்தில் தணிவதை அவ்வமர்வில் தாமே காணலாம். புதிய வினை வாராமல் தடுப்பது செறிப்பு. பழையது தேய்வது உதிர்ப்பு. தவறி ஒருநாள் ஆடிவிட்டால், பிரதிக்கிரமணம் செய்து, வீட்டாரிடம் உரைத்து, நியமத்தை மறுநாளே தொடங்குக. வழுவியது முடிவன்று, மறைத்ததே முடிவு.

அன்று இரவே நாம் அவ்விளைஞருடன் அவர் இல்லத்துக்குச் சென்றோம். தந்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "நிலத்தைக் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே, அப்பா" என்று மகனைப் பார்த்துக் கூறினார். கடன் தீர இன்னும் காலம் ஆகும். ஒரு பட்சத்துக்குக் கொண்ட நியமம் இப்போது மூன்றாவது மாதத்தில் நடக்கிறது. நிலம் இருக்கிறது. அவர் இசைவு பெற்று, அடையாளம் தெரியாத வகையில் இதனை எழுதினோம்.

பயிற்சி வினாக்கள்

1. அளவிடத்தக்கவை எவை, அறவே விடத்தக்கவை எவை? வேறுபாட்டுக்குக் காரணம் கூறுக.

2. ஏழு வியசனங்களுள் சூது முதலில் வைக்கப்பட்டதன் காரணத்தை, அதிலிருந்து களவும் பொய்யும் பிறக்கும் வழியைக் காட்டி விளக்குக.

3. சூதாடும்போது நான்கு கஷாயங்களும் எழும் முறையை எடுத்துரைக்க.

4. உபகூகனத்துக்கும் குற்றத்துக்கு உடந்தையாதலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

5. நம் வீட்டுக் கல்யாணங்களிலும் விழா நாட்களிலும் நடக்கும் ஆட்டங்களில் பணயம் உண்டா? குடும்பத்தார் ஒன்றுகூடி ஆராய்ந்து, இவ்வாண்டுக்கு ஒரு நியமம் கொள்க.

வளர்க நல்லறம்!